காது வைத்துப் பார்த்தவர்கள்

அண்ணன் எல்ட்ரெட் விலை விசாரித்துவிட்டான்.
ஹாலிஃபாக்ஸில் ஒரு கடைக்காரர்
எழுநூறு டாலர் தருவாராம்.
மூடிக்குள் செதுக்கிய பெயர் மட்டும் இல்லையென்றால்
ஆயிரம்.

அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் பொருந்தாதது.
நாங்கள் ஸ்டர்ஜ் குடும்பம்.
நான்கு தலைமுறையாய் இந்தப் பைக் கடிகாரத்துக்குச்
சாவி கொடுத்து வருகிறோம்.
உள்ளே எழுதியிருப்பது:
ஹால்வருக்கு, இங்கெபோர்க்.

யார் அந்த ஹால்வர் என்று கேட்டால்
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.
நார்வேக் கப்பல் தலைவன், நன்றிக்குக் கொடுத்தான் என்பார் அப்பா.
ஏலத்தில் வாங்கியது என்பாள் டார்க்கஸ் அத்தை,
ரசீது எங்கே என்றால் அடுப்பைக் கிளறுவாள்.
ஒபதையா சித்தப்பாதான்
ஒரு சாவு வீட்டில், நாலாவது ரம்முக்குப் பிறகு,
வேறொன்று சொன்னார்.

நவம்பர் மாதம். உப்பு ஏற்றி வந்த கப்பல்
பாறையில் மோதிப் பிளந்தது.
கொள்ளுத்தாத்தா அசரையா
விடியும் முன்னே கரைக்குப் போனார்.
காப்பாற்றப் போனாரா, பொறுக்கப் போனாரா?
அந்தக் கடற்கரையில் இரண்டுக்கும் ஒரே சாக்குப்பைதான்.

பதினொரு பிணங்கள்.
பன்னிரண்டாவது மார்பில் காது வைத்தார்.
துடித்தது.

முதுகில் தூக்கிக் கட்டிக்கொண்டு
செங்குத்துப் பாறையில் ஏறினார்.
பனிமழை. இரண்டு மணி நேரம்.
தன் முதுகெலும்பில் அடுத்தவன் உயிர் தட்டுவதை
எண்ணிக்கொண்டே ஏறினாராம்.
'சாகாதேடா, சாகாதேடா' என்று
அவனுக்குப் புரியாத மொழியில் திட்டிக்கொண்டே.

வீட்டு மேசையில் கிடத்திச் சட்டையைக் கிழித்தார்கள்.
மெழுகுத்துணிப் பைக்குள், நனையாமல்,
ஓடிக்கொண்டிருந்தது இது.
ஹால்வர் எப்போதோ விறைத்திருந்தான்.

மற்ற பதினொருவரின் பொருட்களையும்
பாதிரியாரிடம் ஒப்படைத்தார் அசரையா.
இதை மட்டும் ஒப்படைக்கவில்லை.
திருட்டா, சுமைகூலியா, கோபமா,
சித்தப்பா அதற்குள் தூங்கிப்போனார்.

நான் அதை நம்பவில்லை. யாராவது,
கடலில் பிறந்து வளர்ந்தவன்,
கடிகாரத்தையும் நெஞ்சையும் குழப்பிக்கொள்வானா?

போன பிப்ரவரியில் அப்பா கேண்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.
நான் பனிதள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
அன்றிரவு ஐம்பது செண்டிமீட்டர் கொட்டியது.
மற்றவர்களின் அப்பாக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கெல்லாம்
வழி ஒதுக்கிக் கொடுத்துவிட்டு
நான் போய்ச் சேர்ந்தபோது
எந்திரங்களை அணைத்திருந்தார்கள்.

வானொலியில் எதைச் சொன்னாலும்
'நியூஃபவுண்ட்லாந்தில் அரைமணி கழித்து' என்று
ஒரு வால் சேர்ப்பார்கள்.
எனக்கும் அந்த அரைமணிதான் பிந்தியது.

பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
குனிந்து அவர் மார்பில் காது வைத்தேன்.
துடித்தது.

கத்தினேன். நடைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி.
மாரிசெல் என்ற நர்ஸ் ஓடி வந்தாள்,
அவர் கழுத்தைத் தொட்டாள்,
அப்புறம் மெதுவாய்ப்
பைஜாமாப் பைக்குள் இரண்டு விரல் விட்டாள்.
'சாயங்காலம் சாவி கொடுத்துத் தரச் சொன்னார்,
நான்தான் கொடுத்தேன்' என்றாள்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்காக ஈஸ்டருக்குக் காட் மீன் அனுப்பினேன்.

எத்தனை நொடி இருக்கும்? பத்து?
அந்தப் பத்து நொடிக்கு அப்பா உயிரோடு இருந்தார்.
அசரையாவுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது.
அதை யாரிடம்தான் ஒப்படைப்பது?

எல்ட்ரெட், பெயரைத் தேய்க்கவும் ஆளிருக்கிறதாமே.
உன் பங்கு முந்நூற்றைம்பதை
இந்த மாதச் சம்பளத்தில் தந்துவிடுகிறேன்.

என் மகள் வெர்னாவிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறேன்:
என் காலம் வரும்போது
இதை என் சட்டைப்பையில் வைத்துவிடாதே.
நம் குடும்பத்தில் யாராவது காது வைத்துப் பார்ப்பார்கள்,
என்னைத் தூக்கிக்கொண்டு
மலையேறத் தொடங்கிவிடுவார்கள்.